கூரையின் மேல்பக்கம்

மழை விட்ட மறுநாள் ஏதாவது ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்குள் போய் அண்ணாந்து பாருங்கள். கட்டி முப்பது வருஷம் ஆன கட்டடமாக இருந்தால், கூரையின் அடியில் எங்காவது ஒரு பழுப்பு வட்டம் தெரியும். வட்டத்தின் ஓரத்தில் வெள்ளைப் பொடியாக உப்புப் பூத்திருக்கும். தலைமை ஆசிரியர் அதைப் பார்த்துவிட்டு, "இந்த வருஷம் எப்படியாவது வெள்ளையடிச்சிடணும்" என்பார். ஊராட்சித் தலைவர் வந்தால், "கட்டடமே பழசாயிடுச்சு டீச்சர், புதுசு கேட்டு எழுதுங்க" என்பார். இருவருமே அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் வெள்ளையடித்தால் கறை மட்டும்தான் மறையும். புதுக் கட்டடம் கேட்டால் அது வந்து சேர வருஷக்கணக்கில் ஆகும். அதுவரை பிள்ளைகள் அதே கூரைக்குக் கீழேதான் உட்கார வேண்டும். இரண்டுக்கும் நடுவில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அந்தப் பராமரிப்பு வேலைக்குத்தான் நம் பள்ளிகளில் ஆள் இல்லை.

அது என்ன வேலை, ஏன் நடப்பதில்லை என்று பொறுமையாகப் பேசலாம். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

கூரையிலிருந்தே தொடங்குவோம். பள்ளிக் கட்டடத்தில் கேடு பெரும்பாலும் மேலிருந்துதான் இறங்குகிறது. கடந்த நாற்பது வருஷத்தில் கட்டிய பள்ளிகளில் பெரும்பாலானவை கான்கிரீட் தளம் போட்டவை. தளத்தின் கனம் நாலைந்து அங்குலம்தான். அதற்கு மேல் நம் ஊர் வழக்கப்படி செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து கொட்டி, கட்டையால் அடித்து இறுக்கி, தண்ணீர் ஓட வேண்டிய பக்கமாகச் சரிவு கொடுத்து, அதன்மேல் தட்டோடு பதிப்பார்கள். பொறியாளர்கள் இதை வெதரிங் கோர்ஸ் என்பார்கள். வெயிலும் மழையும் நேரே கான்கிரீட்டைத் தொடாமல் காப்பது இந்த அடுக்குதான். தட்டோடுகளுக்கு நடுவிலுள்ள சந்துப்பூச்சு வெயிலில் விரிந்து, இரவில் சுருங்கி, சில வருஷங்களில் வெடித்து உதிரத் தொடங்கும். கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலையும் அப்படித்தான். அந்தச் சந்துகளை அவ்வப்போது சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி பூசினால் கூரை இன்னும் பல காலம் நிற்கும். பூசாமல் விட்டால், ஒவ்வொரு மழையிலும் கொஞ்சம் தண்ணீர் ஜல்லி அடுக்குக்குள் போய்த் தங்கும். அங்கே போன தண்ணீருக்கு வெளியே வர வழியில்லை. அது கீழேதான் இறங்கும்.

இதில் பள்ளிகளுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. ஒற்றைத் தளப் பள்ளிகள் பலவற்றில் மாடிக்கு ஏறப் படியே கிடையாது. செலவும் மிச்சம், பிள்ளைகளும் மேலே ஏறி விழுந்துவிட மாட்டார்கள் என்ற நல்ல எண்ணத்தில் விட்டதுதான். வீடாக இருந்தால் வடாம் காயப்போட, துணி உலர்த்த, டேங்க்கில் தண்ணீர் பார்க்க என்று வாரத்துக்கு நாலு தடவையாவது மாடிக்குப் போவோம். குழாய் அடைத்திருந்தால் கண்ணில் படும். பள்ளியின் மாடியைக் கட்டி முடித்த நாளுக்குப் பிறகு யாரும் பார்ப்பதில்லை.

புதுக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் கொத்தனாரோடு ஏணி போட்டு ஏறிப் பார்த்திருக்கிறேன். மழை நின்று சில நாள் ஆகியிருந்தது. மாடியில் அப்போதும் கணுக்கால் அளவு தண்ணீர். பக்கத்து வேம்பிலிருந்து உதிர்ந்த இலை மட்கி மண்ணாகவே ஆகியிருந்தது. அதில் அறுகம்புல். கைப்பிடிச் சுவரை ஒட்டி, பறவை எச்சத்தில் விழுந்து முளைத்த அரசங்கன்று ஒன்று இடுப்பளவு வளர்ந்து நின்றது. உடைந்த பெஞ்சுக் கால்கள், டென்னிஸ் பந்துகள், சத்துணவுக்கூடத்தில் கழித்துக் கட்டிய அலுமினியப் பாத்திரம் ஒன்று. மழைநீர்க் குழாயின் வாய் எங்கே என்று தேடவே கொஞ்ச நேரம் ஆனது. கொத்தனார் கடப்பாரையை விட்டுக் கிளறியதும் தேங்கியிருந்த தண்ணீர் மொத்தமும் கடகடவென்று குழாயில் இறங்கியது. கீழே பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். வேலை அரை மணி நேரம்கூட எடுக்கவில்லை. அதற்குக் கீழே இருந்த வகுப்பறையில் தளக் கம்பி வெளியே தெரிய ஆரம்பித்திருந்தது.

கம்பி எப்படி வெளியே வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்பு சாதாரணமாகத் துருப்பிடிக்காது. சிமெண்ட் கடுமையான காரத்தன்மை உடையது. அதன் பிஎச் அளவு 12க்கு மேல். அந்தக் காரத்தில் கம்பியின்மேல் மெல்லிய காப்புப் படலம் ஒன்று உருவாகி நிற்கும். ஆனால் காற்றிலுள்ள கரியமில வாயு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியாக மெல்ல மெல்ல உள்ளே போய் அந்தக் காரத்தைத் தின்றுகொண்டே வரும். பிஎச் 9 வரை இறங்கிவிட்டால் படலம் போய்விடும். அதன்பிறகு கம்பிக்குத் தண்ணீரும் காற்றும் கிடைத்தால் போதும், துரு ஏறத் தொடங்கும். துருவுக்கு இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் தேவை. கான்கிரீட்டுக்குள் அந்த இடம் ஏது? உள்ளிருந்து நெட்டித் தள்ளும். முதலில் கம்பி போகும் வழியிலேயே நேர்கோட்டில் விரிசல் விழும். பிறகு பழுப்புக் கசிவு. அப்புறம் ஒரு நாள் தளத்தின் அடிப்பகுதி பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். பிள்ளைகள் தலைமேல் பெயர்ந்து விழுந்தது என்று செய்தித்தாளில் படிக்கிறோமே, பெரும்பாலும் அது இந்தப் பாளம்தான்.

இது எவ்வளவு காலத்தில் நடக்கும் என்பது, கம்பிக்குக் கீழே எவ்வளவு கான்கிரீட் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கட்டுமானக்காரர்கள் அதை ‘கவர்’ என்பார்கள். இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456, கடுமை மிகக் குறைந்த சூழலிலேயே 20 மில்லிமீட்டர் கவர் கேட்கிறது. இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். கரியமில வாயு உள்ளே போகும் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டித்தான் கூடும். அதாவது 10 மில்லிமீட்டரைக் கடக்க எத்தனை வருஷம் ஆகுமோ, 20 மில்லிமீட்டரைக் கடக்க அதைப்போல நாலு மடங்கு ஆகும். தளம் போடும் நாளில் கவர் பிளாக் வைக்காமல் உடைந்த ஜல்லியை வைத்துச் சமாளித்து, ஆட்கள் கம்பிமேல் நடந்து அதை அழுத்திவிட்டு, கவர் பாதியாகிவிட்டது என்று வையுங்கள். கட்டடத்தின் இந்த ஆயுள் பாதியாகக் குறையாது, காலாகக் குறைந்துவிடும். 60 வருஷம் நிற்க வேண்டிய தளம் 15 வருஷத்தில் கம்பியைக் காட்டுவது இப்படித்தான். ஒரே ஊரில் ஒரே வருஷம் கட்டிய இரண்டு கட்டடத்தில் ஒன்று திடமாகவும் மற்றொன்று உதிர்ந்தும் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அன்று அந்த இடத்தில் நின்று மேற்பார்வை பார்த்தவரைப் பொறுத்த விஷயம் அது.

இதைச் சோதித்துப் பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். சின்னச் சுத்தியலை எடுத்துத் தளத்தின் அடியைத் தட்டிக்கொண்டே போனால், நல்ல கான்கிரீட் ‘ணங்’கென்று கெட்டியாக ஒலிக்கும், உள்ளே பிரிந்துபோன இடம் பொக்கையாக ஒலிக்கும். பொக்கை கேட்கும் இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டுக்கொண்டே வந்தால், அரை மணி நேரத்தில் அந்த அறையின் நோய் முழுக்கக் கூரையிலேயே வரைபடமாகிவிடும். இன்னொரு சோதனை மேல்நிலைப் பள்ளிகளின் வேதியியல் ஆய்வகத்திலேயே இருக்கிறது. அமில-காரச் சோதனைக்கு மாணவர்கள் சொட்டு விடுவார்களே, பினாப்தலீன், அதே கரைசல்தான். கான்கிரீட்டைப் புதிதாகக் கொஞ்சம் கொத்திவிட்டு அதைத் தெளித்தால், காரம் மிச்சமிருக்கும் பகுதி இளஞ்சிவப்பாக மாறும். காரம் செத்த பகுதி நிறம் மாறாது. நிறம் மாறாத ஆழம் கம்பியைத் தொட்டுவிட்டதா, இல்லையா என்று ஸ்கேலால் அளந்துவிடலாம். பொறியாளர்கள் செய்வதும் இதைத்தான். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வேதியியல் பாடம் வேறு இருக்கிறதா என்று எனக்குத் தோன்றும். கொத்துவது மட்டும் பொறியாளர் முன்னிலையில், ஆட்கள் கையால், அறை காலியாக இருக்கும்போது நடக்க வேண்டும்.

சரி, கம்பி தெரிந்துவிட்டது. இப்போது என்ன செய்கிறார்கள்? கொத்தனாரைக் கூப்பிட்டு, துருவேறிய கம்பியின்மேல் அப்படியே சிமெண்ட் அப்பி, வெள்ளையடித்து விடுகிறார்கள். இது வெறுமனே விடுவதைவிட ஆபத்து. உள்ளே துரு நிற்காமல் நடக்கிறது. வெளியே பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகிவிட்டதாகத் தெரிகிறது. ஓரிரு மழைக்காலத்தில் அந்தப் புதுப் பூச்சே கனமாக விழும். முறையாகச் செய்வதென்றால், மாடியில் தண்ணீரை நிறுத்துவதுதான் முதல் வேலை. அதைச் செய்யாமல் கீழே எது செய்தாலும் காசு தண்டம். பிறகு பொக்கையான கான்கிரீட்டை முழுக்க, கம்பிக்குப் பின்பக்கமும் விரல் நுழையும் அளவு கொத்தி எடுக்க வேண்டும். கம்பியை இரும்பு பிரஷால் துரு போகத் தேய்த்து, பருமன் குறைந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்துக் கட்டி, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த காரையை மெல்லிய அடுக்குகளாக ஏற்றி, ஒவ்வொரு அடுக்கையும் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த வேலைக்குப் பழகிய ஆட்கள் வேண்டும். தளம் முழுக்கத் துருவேறிவிட்டால் இதுவும் பயன்படாது, இடிப்பதுதான் வழி. எது எந்தப் பக்கம் என்று தீர்மானிக்க வேண்டியவர் பொறியாளர். அந்தத் தீர்ப்பை ஊர்த்தலைவரும் தலைமை ஆசிரியரும் சொல்லக்கூடாது.

சுவர் விரிசலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தலைமுடி அளவில் வலை வலையாக ஓடும் விரிசல் பூச்சில் மட்டும் இருப்பது, பயமில்லை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் புறப்பட்டு, செங்கல்லையே பிளந்துகொண்டு போகும் விரிசல் அஸ்திவாரம் அசைகிறது என்று சொல்கிறது. கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் மண்ணில் இது சகஜம்; மழையில் மண் உப்பும், கோடையில் பாளமாக வெடிக்கும், மேலே இருக்கும் கட்டடத்தையும் சேர்த்து ஆட்டும். விரிசல் வளர்கிறதா என்று தெரிய, அதன் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைச் சிமெண்டால் ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதி வைப்பார்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. நாகப்பட்டினம், ராமநாதபுரம் கடலோரத்தில் வேறு கதை. அங்கே காற்றிலேயே உப்பு இருக்கிறது. காரம் போவதற்குக் காத்திராமல் உப்பே கம்பியைத் துருவேற்றிவிடும். கடலோரப் பள்ளிக்கும் மேட்டூர்ப் பள்ளிக்கும் ஒரே பராமரிப்புக் கணக்குப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வகுப்பறையை மட்டும் பார்த்தால் போதாது என்று திருநெல்வேலி நமக்குக் காட்டியது. 2021 டிசம்பர் 17 அன்று அங்கே அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். இடைவேளையில் பிள்ளைகள் கூட்டமாகப் போகும் இடம் அது. ஆய்வுக்கு வருபவர்கள் கடைசியாகப் பார்க்கும் இடமும் அதுதான். கழிப்பறைச் சுவர், சுற்றுச்சுவர், சன்ஷேடு, சைக்கிள் கொட்டகை, சத்துணவுக்கூடத்தின் புகைபோக்கி, இவை எல்லாம் பெரும்பாலும் தனித்தனி நிதியில், தனித்தனி வருஷத்தில், அவசரத்தில் கட்டியவை. மழையில் முதலில் சாய்பவையும் இவைதான். அந்த விபத்துக்குப் பிறகு மாநிலம் முழுவதும் பள்ளிக் கட்டடங்களை ஆய்வு செய்தார்கள். பழுதான கட்டடங்கள் ஆயிரக்கணக்கில் பட்டியலாகி இடிப்பு வேலை நடந்தது.

இன்னொரு விபத்து ராஜஸ்தானில் நடந்தது. ஜாலாவார் மாவட்டத்தில் பிப்லோதி என்ற கிராமம். 2025 ஜூலை 25 காலை அங்கே அரசுப் பள்ளியின் கூரை இடிந்து ஏழு குழந்தைகள் இறந்தார்கள். மேலிருந்து சின்னக் கற்கள் உதிர்வதைப் பிள்ளைகள் அன்று காலையே ஆசிரியர்களிடம் சொன்னதாகப் பிறகு செய்திகள் வந்தன. எனக்கு மனதை விட்டு அகலாத செய்தி அது. கட்டடத்தின் நிலையை நாள் முழுக்கப் பக்கத்திலிருந்து பார்ப்பவர்கள் பிள்ளைகள்தான். மண் உதிருது, சுவர் ஆடுது, கதவு மூட மாட்டேங்குது என்று ஒரு பிள்ளை சொன்னால், அதைப் புகாராகப் பதிந்துகொள்ளும் பழக்கம் நம்மிடம் இல்லை. கதவும் ஜன்னலும் திடீரென்று பிடிப்பது சட்டம் கோணுவதால். சட்டம் கோணுவது சுவர் நகர்வதால். அதை முதலில் கவனிப்பது தினமும் கதவைச் சாத்தும் வகுப்புத் தலைவன்.

பள்ளிப் பாதுகாப்பு விஷயத்தில் நாட்டின் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளைப் பலிகொண்ட தீ விபத்தை அடுத்துத் தொடரப்பட்ட அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில், 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், கல்வி பெறும் உரிமைக்குள்ளேயே பாதுகாப்பான பள்ளியில் படிக்கும் உரிமையும் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நிறைவேறிய கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, எல்லாப் பருவத்துக்கும் தாங்கும் கட்டடம், ஆசிரியருக்கு ஒரு வகுப்பறை, ஆண் பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவர் என்று எழுதி வைத்திருக்கிறது. எழுதியது நல்லதே. ஆனால் கட்டடம் இருக்கிறதா என்று கேட்கிற அளவுக்கு, இருக்கிற கட்டடம் எப்படி இருக்கிறது என்று நம் படிவங்கள் கேட்பதில்லை.

இப்போது ஏன் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் இடிகிறது என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. நாம் பள்ளிகளை வருஷத்துக்குக் கொஞ்சமாகக் கட்டவில்லை, அலை அலையாகக் கட்டினோம். காமராஜர் காலத்தில் ஊருக்கு ஊர் பள்ளி திறந்தபோது ஓர் அலை. அப்போது பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு 1958இல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தில், ஊர்மக்களே கூடி மாநாடு நடத்தி, கட்டடத்துக்கும் ஓட்டுக்கும் பெஞ்சுக்கும் கரும்பலகைக்கும் பொருளாகவும் பணமாகவும் கொடுத்தார்கள். பிறகு 1987இல் மத்திய அரசின் கரும்பலகைத் திட்டம். ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் குறைந்தது இரண்டு நல்ல அறை என்றார்கள். 2001இலிருந்து அனைவருக்கும் கல்வி இயக்கத்தில் இன்னொரு பெரிய அலை. ஒன்றாகப் பிறந்தவை ஒன்றாகத்தான் மூப்படையும். கரும்பலகைத் திட்டத்து அறைகளுக்கு இப்போது நாற்பது நெருங்குகிறது. அனைவருக்கும் கல்வி இயக்கத்து அறைகளில் மூத்தவை கால் நூற்றாண்டைத் தொடுகின்றன. இந்த இரண்டாவது கூட்டத்தை இப்போது கவனித்தால் காப்பாற்றிவிடலாம். இன்னும் பத்து வருஷம் விட்டால் அவற்றுக்கும் இடிப்புப் பட்டியல்தான்.

கவனிக்க வேண்டியவர் யார் என்பதில்தான் எல்லாம் சிக்குகிறது. கிராமத்துத் தொடக்கப் பள்ளியிலும் நடுநிலைப் பள்ளியிலும் ஆசிரியர் கல்வித் துறையின் ஆள். கட்டடம் ஊராட்சி ஒன்றியத்தின் சொத்து. கூரை ஒழுகினால் தலைமை ஆசிரியர் பி.டி.ஓ.வுக்கு, அதாவது வட்டார வளர்ச்சி அலுவலருக்கு, எழுத வேண்டும், ஒன்றியப் பொறியாளர் வந்து பார்க்க வேண்டும். அந்தப் பொறியாளரின் கையில் சாலை, குடிநீர், வீடு கட்டும் திட்டம் என்று இருபது வேலை. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி என்றால் பொதுப்பணித் துறை. நகரத்தில் நகராட்சி அல்லது மாநகராட்சி. ஒரே வளாகத்தில் ஒன்றிய நிதியில் ஓர் அறை, எம்.எல்.ஏ. நிதியில் ஓர் அறை, வேறு திட்டத்தில் கழிப்பறை என்று இருந்தால், எது யாருடையது என்ற கோப்பைத் தேடவே ஒரு மழைக்காலம் போய்விடும். தலைமை ஆசிரியரிடம் சாவி இருக்கிறது, அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ளவருக்கு அந்தக் கூரை ஒழுகுவது தெரியாது.

பணம்? ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வருஷா வருஷம் வரும் மானியத்தை ஆசிரியர்கள் ஸ்கூல் கிராண்ட் என்பார்கள். அது மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. முப்பது பிள்ளைகள் வரை 10,000 ரூபாய். நூறு வரை 25,000. 250 வரை 50,000. ஆயிரம் வரை 75,000. அதற்கு மேல் ஒரு லட்சம். இதற்குள் பதிவேடு, சாக்பீஸ், துப்புரவு, சின்னப் பழுது எல்லாம். இந்தக் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது என்பது என் கருத்து. மழை பிள்ளைகளின் தலையை எண்ணிக்கொண்டு பெய்வதில்லை. பிள்ளைகள் குறைந்துபோன பள்ளியில் நாலு அறை இருந்தாலும் 10,000தான் வருகிறது. கூரையின் பரப்பு அப்படியே இருக்கிறது. பிள்ளைகள் குறைந்த பள்ளி சீக்கிரம் பாழாகிறது, பாழானதைப் பார்த்து இருக்கிற பெற்றோரும் பிள்ளையைத் தனியார் வேனில் ஏற்றி அனுப்புகிறார்கள். பரப்பளவையும் கட்டடத்தின் வயதையும் வைத்துப் பராமரிப்புத் தொகை கொடுத்தால் இந்தச் சுழல் கொஞ்சம் தளரும்.

புதுக் கட்டடத்துக்குப் பணம் வராமல் இல்லை. 2022-23 பட்ஜெட்டில் பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் ஐந்து ஆண்டுகளில் 7,000 கோடி ரூபாய் என்று அறிவிக்கப்பட்டு, பல ஊர்களில் புது வகுப்பறைகள் எழுந்திருக்கின்றன. போய்ப் பார்த்தால் மனம் நிறைகிறது. அந்த நிறைவோடு எனக்கு இருக்கும் ஒரே கவலை, அந்தப் புது மாடிக்கு 2030இல் யார் ஏறுவார்கள் என்பதுதான். டி சிட்டர் என்ற பொறியியலாளர் 1984இல் ஒரு கணக்குச் சொன்னார். கான்கிரீட் படித்தவர்கள் அதை ‘ஐந்தின் விதி’ என்பார்கள். கட்டும்போது ஒரு ரூபாயில் செய்யாமல் விட்டது, துரு தொடங்கும் முன் பராமரிப்பில் ஐந்து ரூபாய் கேட்கும். அதையும் விட்டால், பழுது பார்க்க இருபத்தைந்து. அதையும் விட்டால் நூற்றிருபத்தைந்து. துல்லியமான கணக்கல்ல, அனுபவக் கணக்கு. ஆனால் அடைத்த குழாயைக் குத்திவிடும் கூலியையும் புதுத் தளம் போடும் எஸ்டிமேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஐந்தின் விதியே குறைத்துத்தான் சொல்கிறது.

வசதியான நாட்டிலும் இது நடக்கிறது. இங்கிலாந்தில் 1950களிலிருந்து பல பள்ளிகளின் கூரைக்கு நுரைபோலக் காற்றடைத்த லேசான ஒரு வகைக் கான்கிரீட்டைப் போட்டார்கள். 2018இல் கென்ட் பகுதியில் ஒரு தொடக்கப் பள்ளியில் அப்படிப்பட்ட கூரை விழுந்தது. வார விடுமுறை என்பதால் உள்ளே யாரும் இல்லை. 2023 ஆகஸ்ட் 31 அன்று, பள்ளி திறக்கச் சில நாளே இருக்கும்போது, நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் அந்தக் கூரை உள்ள பகுதிகளை மூடச் சொல்லி அரசு உத்தரவிட்டது. அதற்கு முந்தைய வருஷம்தான், உங்கள் பள்ளியில் அந்தக் கான்கிரீட் இருக்கிறதா என்று கேட்டுப் பள்ளிகளுக்குப் படிவம் அனுப்பியிருந்தார்கள். எந்தக் கூரை எதனால் ஆனது என்ற முழுப் பதிவு அவர்களிடமும் இல்லை. நம் பள்ளிகளில் மேசை நாற்காலிக்குப் பதிவேடு இருக்கிறது, விளையாட்டுச் சாமானுக்கு இருக்கிறது. கட்டடத்துக்கு, எந்த வருஷம், எந்த நிதி, எந்தத் துறை, வரைபடம் எங்கே, கடைசியாக எப்போது தட்டோடு சந்து பூசினார்கள் என்று எழுதிய ஒரு நோட்டு எத்தனை பள்ளியில் இருக்கும்?

இடிக்க வேண்டும் என்று தீர்மானமான கட்டடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பொறியாளர் சான்று, மதிப்பீடு, இடிக்க அனுமதி, ஏலம், பிறகு இடிப்பு என்று கோப்பு நகரும். அந்த இடைவெளியில் கட்டடம் பூட்டிக் கிடக்கும். பிள்ளைகள் அதன் நிழலில் விளையாடுவார்கள். கதவில் பூட்டுப் போட்டால் போதாது. கட்டடத்தின் உயரத்துக்குக் குறையாத தூரம் விட்டு நாலு பக்கமும் வேலி போட்டாக வேண்டும். அதே நேரம், மாற்று இடம் சொல்லாமல் அறையை மூடுவதும் சரியில்லை. இரண்டு வகுப்பை ஒரே அறையில் திணித்து, மூன்றாவதை வராந்தாவில் உட்கார வைத்தால் படிப்பு மாதக்கணக்கில் கெடும். அங்கன்வாடியோ சமுதாயக் கூடமோ வாடகை வீடோ, எது என்பதையும் அதே உத்தரவில் எழுத வேண்டும்.

சரி, நம்மால் என்ன ஆகும்? கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் மேலாண்மைக் குழு உண்டு. உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுதுவது அந்தக் குழுவின் வேலை. நீங்கள் அதில் இருந்தால், ‘கட்டடம் பழுது, சரிசெய்து தரவும்’ என்று எழுதாதீர்கள். அப்படி எழுதிய தாள்கள் பி.டி.ஓ. அலுவலகத்தில் கட்டுக் கட்டாக இருக்கின்றன. ‘தெற்குக் கட்டடம், மூன்றாம் வகுப்பு அறை, வடகிழக்கு மூலை, தளக் கம்பி இரண்டு அடி நீளத்துக்குத் தெரிகிறது, அந்த அறையைப் பயன்படுத்தவில்லை, பொறியாளர் பார்வையிட வேண்டும்’ என்று அறை, திசை, அளவு, தேதி, புகைப்படத்தோடு எழுதுங்கள். அப்படி எழுதிய தாளை ஓரமாக வைப்பது கடினம், ஏனென்றால் நாளைக்கு ஏதாவது நடந்தால் அது பேசும். பதில் வரவில்லையென்றால் அடுத்த மாதக் கூட்டத்தில் அதே தீர்மானத்தை முந்தைய தேதியைக் குறிப்பிட்டு மறுபடி போடுங்கள்.

நேரமும் முக்கியம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். நவம்பரில் ஒழுகும்போது எழுதினால் பொறியாளர் வர டிசம்பர், எஸ்டிமேட் போட ஜனவரி, பணம் ஒதுக்குவதற்குள் நிதியாண்டே முடிந்துவிடும். கோடை விடுமுறையில் மாடி காய்ந்திருக்கும்போது, ஏணி போட்டு ஒருவர் ஏறி, சந்துகளையும் குழாய் வாயையும் கைப்பிடிச் சுவர் மூலையையும் போனில் படமெடுத்துக்கொள்ளட்டும். அரசங்கன்று இருந்தால் கிளையை ஒடித்துவிட்டு இறங்க வேண்டாம். வேர் உள்ளே இருந்தால் மறுபடி தளிர்க்கும், அடுத்த தடவை இன்னும் ஆழமாகப் போயிருக்கும். வேரோடு எடுத்து அந்த இடத்தைப் பூசச் சொல்லுங்கள். அந்தப் படங்களோடு ஆகஸ்ட் 15 கிராம சபைக்குப் போனால், மழைக்கு முன்னால் ஒன்றரை மாதம் கையில் இருக்கும். குழாய் வாயைத் திறந்துவிட, சந்து பூச, வாயில் ஒரு கம்பி வலை போட அந்த ஒன்றரை மாதம் தாராளம். மாடிக்கு ஓர் இரும்புப் படி வைத்து, அதன் அடியில் கதவு போட்டு, சாவியைத் தலைமை ஆசிரியரிடம் கொடுக்க வேண்டும் என்பதையும் அதே தீர்மானத்தில் சேர்த்துவிடுங்கள்.